பூங்குயில் நகர் பாயிண்ட்

சங்கரன் ரயில்வேயின் சிக்னல் பிரிவில் முப்பத்துநான்கு வருஷம் உத்தியோகம் பார்த்தார். அந்த முப்பத்துநான்கு வருஷத்தில் பதினோரு திறப்பு விழாக் கற்களுக்குப் பக்கத்தில் நின்று கைதட்டினார். பதினொன்றிலும் சுப்புராயன் என்றுதான் பெயர் இருந்தது. சுப்புராயன் அவருடைய மேலதிகாரி. சங்கரன் வரைபடம் போடுவார், வெயிலில் நின்று குழி வெட்ட வைப்பார், லீவர் மக்கர் பண்ணினால் நாள் கணக்கில் அதனோடு மல்லுக்கட்டுவார். எல்லாம் முடிந்த கடைசி நாளில் சுப்புராயன் சென்ட் வாசனையோடு வந்து திரையை விலக்குவார். ரயில்வே சொத்தில் சங்கரன் பெயரே எங்கும் எழுதப்படவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு யார்டு கழிவறையின் கதவில், கரியால், ஓர் அடைமொழியோடு எழுதியிருந்தார்கள். அதைச் சேர்த்துக்கொள்ள அவருக்கு மனமில்லை.

ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் கழித்து, அடையாறு பூங்குயில் நகர்க் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர் பதவி அவரைத் தேடி வந்தது. தேடி வந்தது என்றால், அன்றைய கூட்டத்துக்கு ஏழு பேர் வந்திருந்தார்கள், அதில் ஆறு பேர் வடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பதவியோடு ஒரு பூங்கா வந்தது. பூங்காவோடு ஒரு குழந்தைகள் ரயில் வந்தது.

பேட்டரியில் ஓடும் ஓர் இன்ஜின், கூரையில்லாத நான்கு பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியின் இரண்டு பக்கமும் மரத்தில் செய்த ஒரு பச்சைக்கிளி. இவ்வளவுதான் ரயில். பிளாட்பாரத்தில் கிளம்பிப் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி, அதே பிளாட்பாரத்தின் பின்முனை வழியாக வந்து சேரும். பிளாட்பாரத்தைத் தாண்டியதும் தண்டவாளம் இரண்டாகப் பிரியும். ஒன்று வட்டப் பாதை, இன்னொன்று ரயில் தூங்கப் போகும் தகர ஷெட்டுக்கு. பிரிகிற இடத்தில் கூர்முனை வைத்த இரண்டு இரும்பு நாக்குகள். அவை இந்தப் பக்கம் ஒட்டினால் ரயில் சுற்றப் போகும், அந்தப் பக்கம் ஒட்டினால் ஷெட்டுக்குள் போகும். ரயில்வேக்காரர்கள் இதற்கு பாயிண்ட் என்பார்கள். பூங்குயில் நகர் முழுவதற்கும் இருந்தது இந்த ஒரே ஒரு பாயிண்ட்தான்.

பத்து வருஷமாக அதை இயக்கிவந்த கருவி, டிரைவர் கோபாலின் இடது கால்.

கோபால் பெசன்ட் நகர் கடற்கரைக் குப்பத்துக்காரன். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போக, இவன் மட்டும் ரயிலுக்கு வந்தான். காலையில் ஷெட்டிலிருந்து ரயிலைப் பின்பக்கமாக எடுத்து வந்து பிளாட்பாரத்தில் நிறுத்துவான். இறங்குவான். குதிகாலால் நாக்குக்கு ஓர் உதை விடுவான். அது டக்கென்று போய் மறுபக்கம் ஒட்டிக்கொள்ளும். ராத்திரி வரைக்கும் அப்புறம் அதைத் தொட வேண்டியதில்லை.

தலைவரான மறுநாளே சங்கரன் இந்தக் காட்சியைப் பார்த்தார்.

"என்னப்பா பண்றே?"

"பாய்ண்ட் மாத்திக்கினு கீறேன் சார்."

"காலாலயா?"

"கையால மாத்துனா குனியணும் சார். முதுவு புடிச்சிக்கும்."

சங்கரன் கண்ணை மூடிக்கொண்டார். கோயில் கர்ப்பக்கிருகத்தில் ஒருவன் செருப்போடு நிற்பதைப் பார்த்தவர் முகம் அப்படி இருக்கும்.

"பூட்டு உண்டா? சிக்னல் உண்டா? நீ பாயிண்ட்டை மாத்தினேன்னு எழுதி வைக்க ரிஜிஸ்டர் உண்டா?"

"தோ, மாறிக்கீது பாருங்க சார், கண்ணுக்கு எதிர்ல."

"கண்ணு பொய் சொல்லும். ரிஜிஸ்டர் சொல்லாது."

அந்த ரிஜிஸ்டர்களை முப்பத்துநான்கு வருஷம் எழுதியவர் என்பதால் அவருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ரயில் இரண்டு மாதம் நிறுத்தப்பட்டு ஷெட்டுக்குள் போயிற்று. பழைய இரும்பு ஏலத்தில் எடுத்த ஓர் அசல் ரயில்வே லீவர் லாரியில் வந்து இறங்கியது. கோபாலின் மார்பு உயரம். அடியில் ஒரு பூசணிக்காய் அளவுக்கு எடைக் குண்டு. சிவப்பும் வெள்ளையும் பூசி நிறுத்தியதும், கிளிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அது யானை கட்டும் தூண் மாதிரி தெரிந்தது. பக்கத்தில் ஒரு சிக்னல் மரம். பிளாட்பாரத்தில் ஒரு போன், பத்தடி தள்ளி டிக்கெட் கூண்டில் இன்னொரு போன். கூண்டில் உட்கார்ந்திருப்பவள் கோவிந்தம்மா. காலையில் மந்தைவெளியில் மீன் விற்றுவிட்டு மத்தியானத்துக்கு மேல் டிக்கெட் கிழிக்க வருகிறவள். இனி அவளிடம் போனில் 'லைன் கிளியர்' என்ற அனுமதி வாங்கி, அவள் சொல்லும் ரகசிய எண்ணை எழுதிக்கொண்ட பிறகுதான் ரயில் நகர வேண்டும். ஒத்திகை நடந்தது.

"அலோ. கோவிந்தம்மாக்கா, லைன் கிளியர் குடுக்கா."

"இன்னாடா நைனா, எதிர்லதான நிக்கிற. மூஞ்சியப் பாத்துக் கேட்டா வாய் வெந்துடுமா?"

"சார் பாத்துக்கினு கீறாரு. நம்பரச் சொல்லு."

"நாப்பத்தேழு. எழுதிக்கினியா? அப்டியே ஒரு டீ வாங்கினு வா."

சங்கரன் டீயை மட்டும் ரிஜிஸ்டரிலிருந்து அடிக்கச் சொன்னார்.

இதெல்லாம் அலங்காரம். அவருடைய உயிர் லாக் பாரில் இருந்தது. லாக் பார் என்பது தண்டவாளத்தின் உள்பக்கத்தை ஒட்டிக் கிடக்கும் நீளமான இரும்புப் பட்டை. லீவரை இழுத்தால் முதலில் இந்தப் பட்டை இரண்டு விரல் மேலே எழும்பும், அப்புறம்தான் பாயிண்ட்டின் நாக்குகள் நகரும். பட்டை மேல் ஒரே ஒரு சக்கரம் நின்றாலும் போதும், பட்டை எழும்பாது, லீவர் அசையாது. ஓடுகிற ரயிலுக்கு அடியில் எவனும் பாதையை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் யோசித்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. பெரிய ரயிலில் சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி அதிகம். இடைவெளியைவிடப் பட்டை நீளமாக இருந்தால்தான் எப்போதும் ஒரு சக்கரமாவது அதன் மேல் நிற்கும். அதனால் சங்கரனின் பழைய விதிப் புத்தகம் நாற்பத்திரண்டு அடி என்று சொல்லியது.

கோபால் தன் ரயிலைப் பார்த்தான். சக்கரத்துக்குச் சக்கரம் மூன்றடி.

"சார், அஞ்சடி போட்டா பத்தாதா?"

"புத்தகத்துல நாற்பத்திரண்டு போட்டிருக்கு."

"அது மெட்ராஸ்லேர்ந்து டெல்லி போற வண்டிக்கு சார். இது கொய்யா மரத்துலேர்ந்து கக்கூஸ் வரைக்கும் போறது."

"கோபால், விதிக்கு டெல்லி, கக்கூஸ்ங்கற வித்தியாசமெல்லாம் தெரியாது."

நாற்பத்திரண்டு அடிப் பட்டை பாயிண்ட்டில் ஆரம்பித்து, பிளாட்பாரத்தின் முழு நீளத்துக்கும் படுத்துக்கொண்டது.

அதே விதிப் புத்தகத்தின்படி, ரயில் போகும் வழியில் எதுவும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சங்கரன் ரயிலின் அகலத்துக்கு ஒரு மரச்சட்டம் செய்து, அதை வட்டப் பாதை முழுவதும் தள்ளிக்கொண்டு போய்ச் சோதித்தார். மூன்றாம் பிளாக் சாருலதா வளர்த்த மல்லிகைப் பந்தல் இரண்டு விரல் இடித்தது. அன்றைக்கே வெட்டச் சொன்னார்.

"ரெண்டு விரல்தானே சார், பூக்கிற நேரம்" என்றாள் சாருலதா.

"ரெண்டு விரல்ல ஒரு உயிர் போகும்மா."

"கிளி பொம்மை உயிரா?"

சங்கரன் மரச்சட்டத்தை அடுத்த வளைவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். வெட்டியவர்கள் வேரோடு எடுத்துவிட்டார்கள். சாருலதா சங்கத்தின் அடுத்த பொதுக்குழு எப்போது என்று விசாரித்து வைத்துக்கொண்டாள்.

கடைசியாக, கல். இவ்வளவும் எதற்கென்று கேட்டால் அதற்குத்தான். பன்னிரண்டாவது கல்லில் தன் பெயர். வேண்டியவர் வேண்டாதவர் எல்லோரும் நடக்கிற பூங்காவில், கிரானைட்டில், தங்க எழுத்தில். திறந்துவைக்கச் சுப்புராயனையே கூப்பிட்டிருந்தார். கல்லின் அடியில், சின்ன எழுத்தில், ஒரே வரியில் அவர் பெயர். மேலே முழுக்கத் தன் பெயர். ஒன்பது வருஷமாக மனத்துக்குள் செதுக்கி வைத்திருந்த வாசகம் அது.

சைதாப்பேட்டையில் கல் வேலை செய்யும் ஆதில் போன் பண்ணினான்.

"சார், மூணடிக் கல்லுல அடங்க மாட்டேங்குது சார். 'வடிவமைத்து, நிறுவி, நிர்மாணித்தவர்'னு போட்டாவே ஒரு வரி போயிருது. அதுக்கப்புறம் பட்டம், பழைய வேலை, சங்கத் தலைவர், மந்தைவெளி பஜனை மண்டலி ஆயுட்கால உறுப்பினர். பஜனையத் தூக்கிரவா சார்?"

"பஜனை இருக்கட்டும். கல்லை அகலமாக்கு."

"நிறுவுறதும் நிர்மாணிக்கிறதும் ஒண்ணுதான சார்?"

"நீ கல்லை அகலமாக்கு."

நாலரை அடி அகலத்தில் கல் வந்தது. பிளாட்பாரத்தின் பின்முனையில், தண்டவாளத்தின் ஓரத்தில், சிமென்ட்டு மேடை கட்டி நிறுத்தினார்கள். சுற்றி வரும் ரயிலிலிருந்து ஒவ்வொரு குழந்தையும் படிக்கட்டும் என்று சங்கரன்தான் இடம் காட்டினார். மரச்சட்டம் அப்போது ஷெட்டுக்குள் கிடந்தது. எல்லாவற்றையும் அளந்த மனிதர், தன் பெயரை மட்டும் அளக்கவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் வரை லீவரை நாற்பத்தாறு தடவை இழுத்துப் பார்த்தார். நாற்பத்தாறு தடவையும் வெண்ணெயில் கத்தி இறங்கியது போல வேலை செய்தது. ரயில் அப்போதெல்லாம் ஷெட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் மனைவி வைதேகி காபியை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஏன்னா, ஆத்துல குக்கர் கைப்பிடி ஆறு மாசமா ஆடிண்டிருக்கு."

"வைதேகி, நாளைக்கு என்ன நாள்னு நோக்குத் தெரியுமா?"

"தெரியும். நாளைக்கும் ஆடும்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பேண்டு வாத்தியம், பந்தல், ரோஸ்மில்க். முந்தின நாள் மாலையே கோபால் ரயிலை ஷெட்டிலிருந்து பின்பக்கமாக எடுத்து வந்து பிளாட்பாரத்தில் நிறுத்தி மாலை போட்டிருந்தான். சுப்புராயன் வந்தார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, சென்ட் மட்டும் மாறவில்லை. திரையை விலக்கினார். கல்லை மேலிருந்து கீழாகப் படிக்க ஆரம்பித்து, இரண்டாவது வரியில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, நான்காவது வரியில் கைவிட்டு, கடைசி வரிக்கு வந்து தன் பெயரைக் கண்டுபிடித்துத் தலையாட்டினார்.

"நல்லா இருக்குய்யா சங்கரன். சுருக்கமா."

கூட்டம் கைதட்டியது. பிறகு முதல் பெட்டியில், முழங்கால் மோவாயைத் தொட, சுப்புராயன் உட்கார்ந்தார். மடியில் ஒரு பேரன், பக்கத்தில் ஒரு பேத்தி. மற்ற பெட்டிகளில் காலனிக் குழந்தைகள்.

பாயிண்ட் இன்னும் ஷெட்டைப் பார்த்தபடிதான் இருந்தது. ரயில் அந்த வழியாகத்தானே வந்தது. அதை வட்டப் பாதைக்குத் திருப்பும் மங்கள காரியத்தைத் தலைவரே செய்வார் என்று மைக்கில் அறிவித்தார்கள். கோபால் போன் பண்ணினான், அன்றைக்கு மீன் கூடைக்கு லீவு விட்டிருந்த கோவிந்தம்மா எழுபத்திரண்டு என்றாள், எழுதியாயிற்று. சங்கரன் லீவரின் தலையில் புதுத் துண்டைச் சுற்றினார். இரும்பை வெறும் கையால் பிடிப்பது தொழில் அல்ல. ஒரு காலை முன்னே வைத்தார். இழுத்தார்.

லீவர் அசையவில்லை.

இன்னொரு முறை இழுத்தார். பேண்டுக்காரர்கள் முதல் இழுப்புக்கே வாசிக்க ஆரம்பித்திருந்ததால், இரண்டாவது இழுப்புக்கும் அதையே வாசித்தார்கள். மூன்றாவது இழுப்பில் அவர் வேட்டி லேசாக நெகிழ்ந்தது.

"என்னய்யா சங்கரன்?" என்றார் சுப்புராயன் பெட்டியிலிருந்து. "லைன் கிளியர் வரலியா?"

"வந்துடுத்து சார். ஒரே நிமிஷம் சார்."

ஒன்பது வருஷம் கழித்தும் அந்த சார் தானாகவே இரண்டு தடவை வந்தது.

கோபால் குனிந்து சக்கரங்களுக்கு அடியில் பார்த்தான். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு மரியாதை இருந்தது, அதை அடக்கிவைக்க அவன் பட்ட பாடும் இருந்தது.

"சார், ஒண்ணுங்கெடல. கரீட்டா வேலை செய்து."

"என்ன?"

"பட்டை மேல வண்டி நிக்குது சார். வண்டி நிக்கச்சொல்ல பட்டை எயும்பாதுன்னு நீங்கதான சொன்னீங்க? மொத்த வண்டியும் பட்டை மேலதான் நின்னுகினு கீது."

சங்கரன் பார்த்தார். நாற்பத்திரண்டு அடிப் பட்டை. நாற்பதடி ரயில். பிளாட்பாரத்தில் ரயில் நிற்கும் வரை பாயிண்ட்டை மாற்ற முடியாது. பாயிண்ட்டை மாற்றாதவரை ரயில் சுற்றப் போக முடியாது. அவருக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. முப்பத்துநான்கு வருஷத்தில் இவ்வளவு கச்சிதமாகப் பூட்டிய ஒரு லாக்கை அவர் பார்த்ததில்லை.

"அப்போ வண்டியைப் பின்னால தள்ளு" என்றார் மெதுவாக. "பட்டையை விட்டு வெளியில வரட்டும். லீவரை இழுத்துடறேன்."

கோபாலும் மூன்று பேரும் முன்னால் நின்று தள்ளினார்கள். கிளிகள் இரண்டடி பின்வாங்கின. பிறகு ஒரு சத்தம். கடைசிப் பெட்டிக் கிளியின் மூக்கு உடைந்து ஜல்லியில் விழுந்தது.

கல். நாலரை அடிக் கல், தண்டவாளப் பக்கம் நாலு விரல் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது.

கோபால் அந்த நாலு விரலைத் தன் கையை வைத்து அளந்தான். பிறகு முதல் பெட்டியில் இருந்த சுப்புராயனின் முழங்காலைப் பார்த்தான். அது பெட்டிக்கு வெளியே ஒரு சாண் துருத்திக்கொண்டிருந்தது.

"நல்ல காலம் சார், லீவரு வரல. சுத்தியாந்திருந்தா வண்டி நேரா வந்து இதுலதான் இடிச்சிருக்கும். பெரியவரு முட்டி பூட்டிருக்கும்."

கூண்டிலிருந்து கோவிந்தம்மா தலையை நீட்டினாள். "ஏன் சார் மண்டைய ஒடைச்சிக்கிறீங்க? கல்ல நவுத்து. வண்டி பின்னால வரும். நீ லீவர இயுத்துக்க. என்னாண்ட கடப்பாரை கீது."

எல்லோரும் சங்கரனைப் பார்த்தார்கள். சங்கரன் கல்லைப் பார்த்தார். திரை விலகி இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது. தங்க எழுத்துகள் வெயிலில் மின்னின.

"திறந்துவெச்ச கல்லை எடுக்கறது சம்பிரதாயமில்லை" என்றார்.

"கிளி மூக்கு ஒடையறது சம்பிரதாயமா?" என்று பந்தலிலிருந்து ஒரு குரல் வந்தது. சாருலதா.

வைதேகி ரோஸ்மில்க்கை ஒரு வாய் குடித்துவிட்டு, கணவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கரன் மைக்கை வாங்கினார். நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக, சிறப்பு விருந்தினர் ரயிலின் பராமரிப்புக் கூடத்தை நேரில் பார்வையிடுவார் என்று அறிவித்தார். பராமரிப்புக் கூடம் எது என்று யாருக்கும் தெரியவில்லை. கோபாலுக்கு மட்டும் இரண்டு நொடியில் தெரிந்துவிட்டது. பாயிண்ட் எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கம்தானே போக முடியும்.

"சார், ஷெட்டுலயா? உள்ள கோவிந்தம்மாக்கா கருவாடு காயப்போட்டுக்கீது சார்."

"போ."

கோபால் விசிலை ஊதினான். முன்னாள் பெரிய அதிகாரி சுப்புராயன், மாலையும் பேரனும் பேத்தியுமாக, பேண்டு முழங்க, கருவாட்டு ஷெட்டுக்குள் பவனி போனார்.

உள்ளே கும்மிருட்டு. தகரக் கூரையில் ஏதோ ஓடியது. நெத்திலி வாசனையும் சென்ட் வாசனையும் மோதிக்கொண்டன. பத்து விநாடி அமைதி. பிறகு பதினாறு குழந்தைகளும் ஒரே நேரத்தில் வீல் என்று கத்தின. சங்கரன் ஷெட்டைப் பார்த்து இரண்டடி ஓடினார்.

ரயில் பின்பக்கமாக வெளியே வந்து பிளாட்பாரத்தில் நின்றது. குழந்தைகள் குதித்துக்கொண்டிருந்தன.

"மறுபடியும்! மறுபடியும்!"

ரயில் இப்போது மறுபடியும் பட்டை மேல் நின்றது. லீவர் மறுபடியும் அசையாது. அதனால் குழந்தைகள் கேட்டதைத் தவிர வேறு எதையும் கொடுக்க வழியில்லை. பிளாட்பாரத்திலிருந்து ஷெட், ஷெட்டிலிருந்து பிளாட்பாரம். பதினான்கு தடவை. பேரன் இறங்க மறுத்ததால் சுப்புராயனும் பதினான்கு தடவை போய்வந்தார். கடைசியில் இறங்கியபோது கண்ணில் ஒரு பளபளப்பு.

"இருட்டுக்குள்ள விடற ஐடியா உன்னோடதாய்யா? நம்ம காலத்துல நமக்கு இது தோணலியே."

அடுத்த வாரத்துக்குள் பூங்குயில் நகர் ரயிலுக்குக் குகை ரயில் என்று பெயர் வந்துவிட்டது. மந்தைவெளியிலிருந்தும் சைதாப்பேட்டையிலிருந்தும் ஆட்டோ பிடித்து வந்தார்கள். வட்டப் பாதையில் துரு ஏறியது, அதன் மேல் ஆட்கள் வாக்கிங் போனார்கள். சிக்னல் மரத்தில் காகம் கூடு கட்டியது. லீவரில் கோவிந்தம்மா தன் டிபன் பையை மாட்டினாள். அந்தக் கனத்துக்கு அது அசையவில்லை என்பதால் அவளுக்கு அதன் மேல் நம்பிக்கை வந்திருந்தது.

ஒரு நாள் மத்தியானம் கோபால் ஆக்ஸா பிளேடோடு சங்கரனிடம் வந்தான்.

"சார், பட்டைய அஞ்சடிக்கு அறுத்துரட்டா? அரை அவர் வேலை. பிளாட்பாரத்துல வண்டி நின்னாலும் லீவரு வரும். பயயபடி சுத்தலாம். சுத்துக்குன்னு வர்ற பசங்களும் கீதுங்க சார்."

சங்கரனின் முகம் மலர்ந்தது. அந்த லீவர் அசைவதை மனிதர்கள் முன்னால் ஒரே ஒரு தடவை பார்க்க அவருக்கும் ஆசைதான். எழுந்தே விட்டார். எழுந்த வேகத்தில் கண்ணில் பட்டது கல்.

"சுத்தினா..." என்றார்.

"சுத்துனா கல்லுல இடிக்கும் சார். அதான் கல்லக் கொஞ்சம் நவுத்தணும்."

ஆதிலை வரவழைத்தார்கள். அவன் கல்லைத் தட்டிப் பார்த்தான், மேடையைத் தட்டிப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். "பின்னாடி புடிச்சிருக்கிறது சிமென்ட்டு சார். நகத்தினா நடுவுல பொளந்துரும். வேற வழி ஒண்ணு இருக்கு. தண்டவாளப் பக்கம் மட்டும் நாலு விரல் வெட்டிருவோம். மிஷின்ல அஞ்சு நிமிஷம்."

"வெட்டினா எழுத்து?"

ஆதில் பாக்கெட்டிலிருந்து சாக்பீஸ் எடுத்துக் கல்லில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டான். எல்லோரும் பார்த்தார்கள். மேல் வரிகள் எல்லாம் விளிம்பிலிருந்து விளிம்பு வரை நிரம்பி வழிந்தன. கோடு ஒவ்வொரு வரியின் தலையையும் சீவியது. முதல் வரியில் 'வடிவ' போயிற்று. இரண்டாவதில் பொறியாளரின் 'பொறி' போயிற்று. மூன்றாவது வரி சங்கரன் என்று ஆரம்பித்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் மிஞ்சியது 'கரன்' மட்டும். பஜனை மண்டலி பாதி பிழைத்தது. அடியில் நடுவாக, சின்னதாக, ஒரே வரி மட்டும் கோட்டுக்கு வெகு தூரத்தில் பத்திரமாக இருந்தது: திறந்து வைத்தவர் சுப்புராயன்.

"புதுக் கல் ஒண்ணு போட்டுரலாம் சார்" என்றான் ஆதில்.

புதுக் கல்லுக்குப் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும். பொதுக்குழுவில் சாருலதா இருந்தாள், வேரோடு போன மல்லிகையின் போட்டோவோடு.

சங்கரன் கைக்குட்டையால் சாக்பீஸ் கோட்டை அழித்தார். அழுத்தி, ஒரு புள்ளி பாக்கியில்லாமல்.

"கோபால், நாற்பத்திரண்டு அடின்னு விதி. விதியை அறுக்கறதுக்கு எனக்கு அதிகாரமில்லை."

"சார், நெசமாவா?"

"பிளேடை உள்ளே வை."

அன்று மாலை ரிஜிஸ்டரில் அவரே தம் கைப்பட எழுதினார். பாயிண்ட் முறைப்படி பூட்டிய நிலையில் உள்ளது. பழுது ஏதுமில்லை. அப்படியே தினமும் எழுதிவந்தார். பழுதே ஏற்படாத ஒரு பாயிண்ட் என்று பார்த்தால், அந்தத் துறையில் அதற்கு ஈடு இருந்திருக்காது.

வீட்டில் குக்கர் கைப்பிடி ஆடவில்லை. "கோபால்ட்ட ஸ்குரு டிரைவர் வாங்கிண்டு நானே முடுக்கிட்டேன்" என்றாள் வைதேகி. "லைன் கிளியர் கேக்கலை. மன்னிச்சுக்கோங்கோ."

லீவர் அசையவில்லை, ரயில் சுற்றவில்லை, ஆனால் கல் முழுசாக நிற்கிறது என்று சங்கரன் தன்னைத் தேற்றிக்கொண்டார். தினமும் ஐந்து மணிக்குக் கல்லுக்கு எதிர் பெஞ்சில் வந்து உட்கார்வார். குகை ரயிலுக்கு வரிசை அந்தக் கல் வரைக்கும் நீளும். வரிசையில் நிற்பவர்களுக்குப் படிக்க அதைவிட்டால் வேறெதுவும் கிடையாது.

ஒரு சனிக்கிழமை, வரிசையில் ஓர் அம்மாவும் ஆறு வயசுப் பெண்ணும். பெண்ணின் பெயர் தமிழ்நிலா என்பது, அம்மா அவளை அதட்டிய சத்தத்தில் பூங்கா முழுவதற்கும் தெரிந்துவிட்டது. கை துறுதுறுத்த குழந்தை கல்லைத் தடவியது.

"ம்மா, இதுல இன்னா எழுதிக்கீது?"

சங்கரன் முதுகை நிமிர்த்தினார்.

அம்மா படிக்க ஆரம்பித்தாள். "வடிவமைத்து, நிறுவி, நிர்... நிர்மா..." வரிசை ஓர் அடி நகர்ந்தது. அவள் கண் அடுத்த வரிக்குப் போயிற்று, அங்கே ஒரு பட்டம். அதற்கடுத்து இன்னொரு பட்டம். "இன்னாடி இது, ரேஷன் கார்டு மாரி நீளமா கீது." கண் அப்படியே வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. கடைசி வரியில் நின்றது.

"சுப்புராயன். சுப்புராயன்னு ஒரு தாத்தா. அவருதான் இந்தக் குகை ரயிலு செஞ்சவரு."

"நல்ல தாத்தா" என்றது குழந்தை. கல்லைப் பார்த்துக் கைதட்டியது.

பின்னால் நின்ற நாலைந்து குழந்தைகளும், எதற்கென்று கேட்காமல், சேர்ந்து தட்டின. கோபால் விசில் ஊதினான். வண்டி ஷெட்டுக்குள் போயிற்று. பெஞ்சில் சங்கரனின் இரண்டு கைகளும் பழக்க தோஷத்தில் ஒன்றை நோக்கி ஒன்று கிளம்பி, பாதி வழியில் நின்றன.

பன்னிரண்டு, என்று எண்ணிக்கொண்டார்.